காம்போஜ ராஜ்யமும் காம்போதி ராகமும்

மண்டபத்துக்குள் தம்பூரா நுழைந்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

அதைத் தூக்கி வந்தவர் ஜரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற பக்குவத்தோடு மேடை ஓரத்தில் படுக்க வைத்தார். உறையைக் கழற்றி நாலாக மடித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, எத்தனை கட்டை என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் இந்தோசீனாவின் வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்த ஸ்டாண்டில் அதை மாட்டியிருந்தேன். அந்த ஸ்டாண்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மூன்று கட்டை என்றேன். அதற்கு மூன்று கால்கள்தான்.

"மூணு கட்டையா?" என்றார் அவர். கட்டை என்று அவர் கேட்டது பாடுகிற சுருதியை என்பதும், ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கனத்த சாரீரமா என்று அவர் வியந்ததும் எனக்குப் பிற்பாடுதான் விளங்கின. அப்போது அவர் மரியாதையாக ஒருமுறை தலையை அசைத்துவிட்டுத் தந்திகளைத் தளர்த்த ஆரம்பித்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மூக்குப்பொடி வாசனையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து வந்தன. தெருவிலிருந்து பனிக்காலத்து அவரைக்காய் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. ஆகவே மார்கழிக்குப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். வருஷம் சரியாக நினைவில்லை. இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு.

பெங்களூர்க் கண்டோன்மெண்டை நாங்கள் தண்டு என்போம், பழைய ஊரைப் பேட்டை என்போம். தண்டில் இத்தனை பேருக்குக் காம்போஜத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவு ஏறக்குறைய அரை மணி நேரம் நீடித்தது.

ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்த நாடு

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு. மிஷன் பெண்கள் பள்ளியில் நான் பூகோள டீச்சர். அண்ணன் சாமுவேலுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. அவனுடைய சம்பளத்தைவிட அவன் அங்கத்தினனாக இருந்த தமிழ் வாசகசாலையின் மேல்தான் எனக்கு அதிகப் பொறாமை.

அந்த வாசகசாலையில் பெண்கள் வரக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. வருவார்கள் என்று யாருக்கும் தோன்றாததால் விதி எழுதாமல் விட்டிருந்தார்கள். நான் ஒருமுறை படியேறிப் போனேன். அங்கிருந்த சேவகர் மிகுந்த அன்போடு ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து வராந்தாவில் போட்டு, எந்த ஐயாவைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே புத்தகங்கள் அண்ணன் வழியாகத்தான் வந்தன. அவன் நல்லவன். புத்தக விஷயத்தில் அவனுக்கு ஒரே கொள்கை: வாசலுக்கு அருகில் எது இருக்கிறதோ அதை எடுத்து வருவான். இப்படி நான் கரும்புப் பயிரைப் பற்றி ஒரு புத்தகமும், பல் நோய்களைப் பற்றி ஒரு புத்தகமும் முழுசாகப் படித்திருக்கிறேன். பல் நோய்ப் புத்தகத்தைப் படித்த மாதம் எனக்கு வாயில் எல்லா நோயும் இருந்தது.

ஒருநாள் காகித அட்டை போன தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். அது புத்தகம் என்பதே அங்கே பலருக்குத் தெரியாது. அதனால் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. முதல் பக்கங்கள் இல்லை. எழுதிய வெள்ளைக்காரர் யார் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே இருந்தது காம்போஜம்.

போன மாதம் இந்தப் பத்திரிகையில் பள்ளிக்கூட மணியைப் பற்றி நாலு பத்தி எழுதியதற்கு, "அம்மணி, விஷயத்துக்கு வாருங்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குக் காம்போஜம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வங்காள விரிகுடாவைத் தாண்டினால் பர்மா. அதற்குக் கிழக்கே சயாம். சயாமுக்கும் கிழக்கே, மேகாங் என்ற பெரிய ஆறு கடலுக்குள் போவதற்குச் சற்று முன்னால், ஒரு வட்டில் மாதிரி பள்ளமான பூமி. நடுவில் ஓர் ஏரி. ஏரிக்கும் மேகாங்குக்கும் இடையே ஓர் ஆறு. வருஷத்தில் பாதி நாள் ஏரியின் தண்ணீர் இந்த ஆற்றின் வழியாக மேகாங்குக்கு ஓடும். மழைக்காலத்தில் மேகாங் பொங்கியதும் அதே ஆறு திரும்பி ஏரிக்குள் ஓடும். ஏரி பல மடங்கு பெருகிக் காட்டையெல்லாம் மூழ்கடிக்கும். மீன்கள் மரக்கிளைகளுக்கு நடுவே நீந்தும்.

அந்த ஏரிக்கு வடக்கே ராஜாக்கள் இருந்தார்கள். சூரியவர்மன், ஜயவர்மன், யசோவர்மன் என்று நம் பக்கத்து மனுஷர்கள் மாதிரியே பேர். கல்லில் மலை மலையாகக் கோயில் கட்டினார்கள். நம் அலசூர் ஏரியைக் கொண்டுபோய்ப் போட்டால் ஓர் ஓரத்தில் காணாமல் போகிற அளவுக்குக் குளம் வெட்டினார்கள். ஆஸ்பத்திரிகள் வைத்தார்கள். பிறகு சயாம்காரர்கள் படையெடுத்து வந்தார்கள், தலைநகரம் தெற்கே போயிற்று, கோயில்களைக் காடு மூடிக்கொண்டது. நான் படித்த காலத்தில் அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி.

இது எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிலருக்கு இங்கிலாந்து பிடிக்கும். எனக்கு ஆறு திரும்பி ஓடுகிற ஊர் பிடித்தது.

ஒரு நிபந்தனை

அந்த வருஷம் அண்ணனைக் கோலார் பக்கம் மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வீட்டில் எல்லாரும் அவன் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் மேல் பாசம் என்று அவன் நினைத்துக்கொண்டான். பாசம் இருந்ததுதான். ஆனால் அவன் போய்விட்டால் எனக்கு இனிமேல் கரும்புப் புத்தகம்கூடக் கிடையாது என்பதுதான் என் அழுகைக்குக் காரணம்.

அழுது முடித்ததும் நேரே வாசகசாலைச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் வடிவேலு முதலியார், ஜவுளிக்கடைக்காரர். கெட்டவர் இல்லை. துணியைக் கிழிப்பதற்கு முன் மூன்று முறை அளக்கிற மனுஷர், எந்த விஷயத்தையும் அப்படியே அளந்து பார்ப்பார். பெண்களுக்கும் வாசகசாலையில் இடம் வேண்டும் என்றேன். அவர் கமிட்டியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

கமிட்டி கூடியது. இல்லை என்று சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. எனவே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒரு பெண் மேடையேறி ஏதாவது ஒரு பொருள் பற்றிப் பேச வேண்டும். மண்டபம் நிறைய வேண்டும். கடைசி வரைக்கும் கலையாமல் நிறைந்தே இருக்க வேண்டும். அப்படி நடந்தால் பெண்களுக்கு இடம் தருவது பற்றி யோசிக்கலாம்.

யோசிக்கலாம் என்பதை அடித்துவிட்டு, தரலாம் என்று போடச் சொன்னேன். போட்டார்கள். அந்த மண்டபம் எந்தச் சொற்பொழிவுக்கும் நிறைந்ததே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே தாராளமாகப் போட்டார்கள்.

மூன்று திருத்தங்கள்

நோட்டீஸுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "காம்போஜ ராஜ்யம்: பூகோளமும் சரித்திரமும். சாயா படங்களுடன் விரிவுரை." அண்ணன் கொண்டுபோய் அச்சாபீசில் கொடுத்தான்.

அந்த அச்சாபீஸ் முதலாளி சங்கீதப் பைத்தியம். ஆர்மோனியம் வாசிப்பார். என் வாசகத்தைப் பார்த்ததும் எழுதியவருக்குத் தமிழ் தகராறு என்று அவருக்குப் பரிதாபம் ஏற்பட்டிருக்கிறது. காம்போஜம் என்று ராஜ்யம் ஏது? ராகம்தானே உண்டு? ஆகவே காம்போஜ ராஜ்யத்தைக் காம்போதி ராகமாக்கினார். ராகத்துக்குப் பூகோளம் எங்கே இருக்கிறது? லட்சணம்தானே இருக்கும்? அதையும் மாற்றினார். சாயா படங்கள் என்று நான் போட்டது திரையில் காட்டுகிற படங்களை. அது அவர் கண்ணில் சில பாடல்கள் என்று பட்டிருக்கிறது. இவ்வளவும் அவர் நல்லெண்ணத்தில் செய்தது.

எனவே தண்டிலும் பேட்டையிலும் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்ட நோட்டீஸ் இப்படி இருந்தது: "காம்போதி ராகம்: லட்சணமும் சரித்திரமும். சில பாடல்களுடன் விரிவுரை."

நான் அதைப் பார்க்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற சமயம், பள்ளியும் வீடுமாக இருந்தேன். அண்ணன் பார்த்தான். ஆனால் அவன் தான் சுமந்து வருகிற எதையும் படிக்கிறவன் இல்லை என்பது கரும்புப் புத்தகத்திலேயே தெரிந்திருக்கும்.

சங்கீதம் தெரியுமா?

முதலியார் நோட்டீஸைப் படித்திருக்கிறார். ராஜ்யத்தைப் பற்றிப் பேச வந்த டீச்சரம்மா ராகத்துக்கு மாறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, உறுதி செய்துகொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று முறை அளக்கிறவர் அல்லவா.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் படிக்கிற துதிகளுக்கு எங்கள் சபையில் சங்கீதம் என்று பேர். ஊரில் மற்றவர்களுக்குச் சங்கீதம் என்றால் பாட்டுக் கச்சேரி. இரண்டு பேரும் ஒரே தமிழ்தான் பேசுகிறோம்.

"டீச்சரம்மா, உங்களுக்குச் சங்கீதம்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்து வழக்கம்தாங்க" என்றேன்.

"பாடமா?"

"பாதிக்கு மேல மனப்பாடம்."

முதலியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கிறிஸ்துவப் பெண் இவ்வளவு சாதகம் செய்திருக்கிறாளே என்று அவருக்கு மெய் சிலிர்த்திருக்கிறது. இவர் எதற்கு என் பக்தியை விசாரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் மகிழ்ச்சியாக இருந்தது. காபி கொடுத்தோம். அவர் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தம்பூரா வந்தது அவருடைய ஏற்பாடு.

ஆரோகணம் ஆடியில்

தலைமை வகித்தவர் சேஷாத்ரி ஐயங்கார். மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மல்லேசுவரத்தில் வீடு. தண்டுக்காரர்களின் வாசகசாலைக்கு ஒரு பேட்டைக்காரர் தலைவராக இருந்தால் கௌரவம் என்று பிடித்துப் போட்டிருந்தார்கள். கூட்டங்களுக்கு அவர் வருவதே அபூர்வம். காம்போதி என்றதும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஜட்கா வைத்து வந்துவிட்டார்.

மண்டபத்தின் இடது பக்கம் மூங்கில் தட்டி கட்டியிருந்தது. அதற்கு அப்பால் பெண்கள். சொற்பொழிவு என்றால் ஒரு பெண்ணும் வரமாட்டாள். கச்சேரி என்றால் குடும்பத்தோடு வருவார்கள். அன்றைக்குத் தட்டிக்கு அப்பால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் ஆரம்பித்தேன். ஆதியில் அந்தப் பூமி தண்ணீருக்குள் இருந்தது. நாகராஜன் தன் மகளைக் கடல் கடந்து வந்த ஒருவனுக்குக் கொடுத்தான். மாப்பிள்ளைக்குச் சீதனமாக, தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்து நிலத்தை வெளியே கொண்டுவந்து கொடுத்தான். சபை பொறுமையாகத் தலையாட்டியது. ராகம் பிறந்த கதை என்று நினைத்திருக்கிறார்கள். எல்லா ராகத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்தானே.

பிறகு விளக்குகளைத் தணித்து அண்ணன் மாஜிக் லாந்தரில் படம் காட்டினான். படங்கள் எங்கள் பள்ளி வெள்ளைக்கார மிஸ்ஸம்மா ஒருவர் அந்தப் பக்கம் போய் வந்தபோது வாங்கியவை. கோயில் கோபுரங்கள் வந்தன. பெரிய ஏரி வந்தது, ஆறு திரும்பி ஓடி அது பெருகுவதைச் சொன்னேன். ஏரிக்கு அடுத்தபடியாக, ஞாயிறு பள்ளிக்கு வைத்திருந்த படம் ஒன்று கலந்து வந்துவிட்டது: பிரம்மாண்டமான மீன் ஒன்று ஓர் ஆளை விழுங்கப் போகிறது. அண்ணன் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனான். அந்த ஏரியில் மீன் அதிகம் என்று நான் சொல்லி வைத்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இதற்குள் சபையின் தலையாட்டல் நின்றுவிட்டது. தம்பூராக்காரர் சுருதி சேர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நடுவிலிருந்து சந்தனப் பொட்டு வைத்த ஒருவர் எழுந்தார்.

"ஏம்மா, ஆரோகணம் அவரோகணம்லாம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

எனக்கு ஆரோகணம் என்றால் ஏறுவது என்று தெரியும். அவர் அந்த ஏரியின் தண்ணீரைக் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு கவனமாகக் கேட்கிறாரே என்று சந்தோஷம்கூட.

"ஆரோகணம் ஆடி மாசத்துல. அவரோகணம் கார்த்திகைக்கு மேல" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் விளங்கவில்லை. முதலியார் மேடைக்கு ஓடிவந்து, நோட்டீஸை என் கையில் கொடுத்து, பாட்டு எப்போது என்று தணிந்த குரலில் கேட்டார். நான் நோட்டீஸைப் படித்தேன்.

அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டபம் எனக்காக நிறையவில்லை, இனிக் கூட்டம் நிற்கவும் நிற்காது. அழுகை வந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக வந்ததால் அழ நேரமில்லை. சபைக்கு நடந்ததைச் சொன்னேன். நான் பேச வந்தது ஒரு தேசத்தைப் பற்றி. ராகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிறவர்கள் இருக்கலாம் என்றேன்.

ஆண்கள் எழுந்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிரே காபி ஹோட்டல் இருந்தது. வரிசை வரிசையாக அங்கே போனார்கள். தம்பூராக்காரர் உறையை மாட்டினார். சீக்கிரத்தில் நாற்காலிகள்தான் மிச்சம். தலைவர் மட்டும் போகவில்லை. தலைமை வகிக்கிறவர் நடுவில் எழுந்து போவது முறையில்லை என்பதால் தூங்கிவிட்டார்.

தட்டிக்கு அப்பால்

நான் நிறுத்தவில்லை. பேசியே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவது பூகோள டீச்சருக்குப் புதிதில்லை. மத்தியான வகுப்பில் பிள்ளைகள் இருந்தும் அப்படித்தான் இருக்கும்.

தட்டிக்கு அப்பால் வளையல் சத்தம் குறையவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பெண்கள் போகவில்லை. கூப்பிடுகிறபோது வா என்று சொல்லித்தான் அவரவர் வீட்டு ஆண்கள் உட்கார வைத்திருந்தார்கள். கூப்பிட வேண்டியவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே தட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். அந்த நாட்டுச் சந்தையில் வாங்குவதும் விற்பதும் பெண்கள்தான் என்று பழைய காலத்தில் அங்கே போன ஒரு சீனர் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். ஜயவர்ம ராஜாவுக்கு மனைவியாக வந்த ஒரு ராணி பெரிய படிப்பாளி, மடத்தில் பெண்களுக்குப் பாடம் சொன்னவள், கல்வெட்டில் அவளே சம்ஸ்கிருதத்தில் செய்யுள் எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். வளையல் சத்தம் நின்றது.

முடித்துவிட்டு, வழக்கப்படி, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். அந்த மண்டபத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

தட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஆறு திரும்பி ஓடறச்சே மீனெல்லாம் என்ன பண்ணும்?"

அதுவும் கூடவே ஏரிக்குள் போகும், காட்டுக்குள் மேய்ந்து கொழுக்கும் என்றேன். வேறொரு குரல், அங்கே அரிசிச் சாதமா, கேழ்வரகா என்று கேட்டது. அரிசி என்றேன். இன்னொருத்தி அந்தச் சந்தையில் பெண்கள் தராசு பிடிப்பார்களா என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். முதல் குரல் மறுபடியும் வந்தது.

"அந்த ராணிக்கு யார் படிப்புச் சொல்லிக் குடுத்தா?"

"தெரியலைங்க. ஆனா அவங்க தன் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அது கல்லுல இருக்கு."

"அதைப் போட்டிருக்காளே, இதையும் போட்டிருக்கலாம்" என்றது அந்தக் குரல், குறையாக.

முதலியார் இதையெல்லாம் வாசலருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கைத் தூண்டிவிட்டு நாற்காலிகளைப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டு என்னிடம் வந்து, மண்டபம் கலைந்துவிட்டது, நிபந்தனை நிறைவேறவில்லை, கமிட்டிக்கு அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லையே என்றேன்.

"அது லேடீஸுங்க, டீச்சரம்மா. கூட்டத்துக்கு வந்தவங்கன்னு அவங்களை எப்படி எண்ணுறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அளவுகோலை எங்கே வைப்பது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தட்டி ஒரு பக்கமாக நகர்ந்தது. தலைவரின் மனைவி செல்லம்மா மாமி வெளியே வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான உருவம், வைரத் தோடு. மீனையும் ராணியையும் பற்றிக் கேட்டது அந்தக் குரல்தான். அவர் முதலியாரைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரையும் பார்க்கவில்லை. நடுவில் இருந்த காலி நாற்காலி ஒன்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சும்னேவா உட்காந்திண்டிருந்தேன் இவ்வளவு நேரமும்? எண்ணச் சொல்லுங்கோ. என்னை முதல்ல எண்ணச் சொல்லுங்கோ."

சும்னே என்பது கன்னடம். வெறுமனே என்று அர்த்தம். தலைவர் விழித்துக்கொண்டார். மனைவி ஆண்கள் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பெரிய உத்தியோகம் பார்த்தவர், எப்போது விசாரிக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

"எண்ணும், முதலியார்" என்றார்.

முதலியார் விளக்கை எடுத்துக்கொண்டு தட்டிக்கு அப்பால் போனார். மாமியிலிருந்து ஆரம்பித்து, விரல் நீட்டாமல், தலையை மட்டும் அசைத்து எண்ணினார். மூன்று முறை எண்ணினார். பிறகு திரும்பி வந்து, மண்டபம் நிறைந்திருந்ததாகக் கமிட்டிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். அவரை எனக்கு அன்றைக்குப் பிடித்துப்போயிற்று. பிற்பாடும் பிடித்தது.

சனிக்கிழமை மத்தியானம்

பெண்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. பின்கட்டு அறையில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. அண்ணன் கோலாருக்குப் போய்விட்டான். முதல் சனிக்கிழமை நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். சேவகர் என்னைக் கண்டதும் பழக்கத்தில் நாற்காலியைத் தூக்கினார், பிறகு நினைவு வந்து கீழே வைத்தார்.

உள்ளே செல்லம்மா மாமி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மல்லேசுவரத்திலிருந்து தண்டு வரைக்கும் ஜட்காவில். வேறு யாரும் வரவில்லை.

அலமாரியை அவருக்குத் திறந்து காட்டினேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இஷ்டப்படி ஒரு புத்தகத்தை எடுப்பதில் இருக்கிற சுகத்தை நானே அன்றைக்குத்தான் கண்டேன். அவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவர் ஒரு புத்தகத்தை எடுத்தார், திருப்பினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார், வைத்தார்.

"எனக்குத் தமிழ் எழுத்து வராது டீச்சர். பேசறதுதான் தமிழ். ஓதறது கன்னடம்" என்றார்.

பெங்களூரில் இது அதிசயமே இல்லை. பல தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பங்களில் வாய்க்குத் தமிழ், கண்ணுக்குக் கன்னடம். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த அறையில் தமிழும் இங்கிலீஷும் தவிர ஓர் எழுத்துக் கிடையாது. எனக்கு இந்தப் பெஞ்சை வாங்கிக் கொடுத்தவருக்கு இங்கே படிக்க ஒரு வரி இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வரலாம்னு சொன்னாளே, அதான் வந்தேன்" என்றார்.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல், மறுபடி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்தக் காம்போஜப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். விட்ட இடத்தில் கன்னடம் போட்டுக்கொண்டேன். மாமி இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக் கேட்டார். ராஜா ஒருவன் யானைமேல் போகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, யானைக்கு என்ன பூட்டியிருந்தார்கள் என்று இரண்டாம் முறை கேட்டார்.

வாசலில் நிழல் தட்டியது. முதலியார். அறைக்குள் வராமல், எங்களைப் பார்க்காமல், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மெம்பருங்க யாரும் உள்ள சத்தம் போட்டுப் படிக்கக் கூடாதுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமி என் பக்கம் குனிந்தார்.

"யாரைச் சொல்றார்?"

"நம்மளைத்தான் மாமி."

"நாம மெம்பரா?"

"இப்ப அவர்தானே சொன்னாரு."

மாமி பெஞ்சை விட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்.

"அப்ப மெதுவாப் படி" என்றார்.